பசை என்று பெயரிடப்பட்டவை: கிளியாக் கலங்களும் மூளைச் சிதைவு நோய்களும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

விஞ்ஞான வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவன பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. எதனை, எவர், எவ்வாண்டிலே கண்டார் என்பதே அவற்றின் தலையாய வினா. கண்ணுக்குப் புலப்பட்டுவிட்ட ஒன்று ஏன் பல தசாப்தங்களாகக் கருத்திற் கொள்ளப்படாது கிடந்தது என்னும் வினா அருமையாகவே எழுப்பப்படுகின்றது. அறிவின் சமூக அடிப்படைகளை விளங்கிக்கொள்ள விழைவோருக்கு இவ்விரண்டாவது வினாவே கூடிய பயனுடையது.

மூளையின் கிளியாக் கலங்கள் பற்றிய கருத்து வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். மூளையிலே சைகைகளைக் கடத்தும் நரம்புக்கலங்களோடு அவை அல்லாத பிற கலங்களும் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கிளியாக் கலங்களே. இவற்றை மூன்று பெரும் வகையாகப் பிரிப்பர். விண்மீன் வடிவினவாதலின் உடுக்கலங்கள் எனத்தக்க அஸ்ட்ரோசைற்றுகள் குருதிக்கலன்களுக்கும் நரம்புக்கலங்களுக்கும் இடையே நின்று ஊட்டத்தையும் அயன்களின் சமநிலையையும் பேணுகின்றன. சில கிளைகளையே உடைய ஒலிகோடென்ட்ரோக்கிளியா நரம்பு நார்களைச் சுற்றி மயலின் உறையை அமைக்கின்றது. மிகச் சிறியதான நுண்கிளியா மூளையின் காவலையும் துப்புரவையும் மேற்கொள்கின்றது. அல்சைமர் நோய், பாக்கின்சன் நோய், தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் அழிகின்ற இயக்க நரம்புக்கல நோய் ஆகியவற்றிலே இக்கலங்கள் உருவிலும் செயலிலும் பிறழ்வடைகின்றன. அப்பிறழ்வு நோயின் விளைவு மாத்திரமன்று, அதன் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றுமாகும் என்பது கடந்த நான்கு தசாப்தங்களிலேதான் பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால், இவ்விழையத்திலே நோய்க்குறிகள் காணப்பட்டதோ நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னராகும்.

இந்நீண்ட இடைவெளி எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இத்துறையினுள் நுழைவதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றின் நடுவே ஓர் உருவகம் இருக்கின்றது. உருவகம் எவ்வாறு பிறக்கின்றது, யாருடைய அனுபவத்திலிருந்து எடுக்கப்படுகின்றது, எதனை வெளிச்சமிட்டு எதனை மறைக்கின்றது என்பன எமது துறைக்குரிய வினாக்களே.

2

கிளியா என்பது பசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். மூளையிலும் முண்ணாணிலும் நரம்புக்கூறுகளுக்கு இடைப்பட்டுக் கிடக்கும் பொருளுக்கு நியூரோக்கிளியா, அதாவது நரம்புப் பசை, எனப் பெயரிட்டவர் ஜேர்மானிய நோயியலறிஞரான ருடோல்ப் விர்ஷோ (1821–1902) ஆவார். 1846 இல் அவர் இவ்விடைப்பொருளை விவரித்தார். 1856 இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியிலே அப்பெயர் இடம்பெற்றது. 1858 இல் பேர்லினில் அவர் நிகழ்த்திய கலநோயியல் விரிவுரைகள் வாயிலாக அது மருத்துவ உலகெங்கும் பரவிற்று. கட்டடத் தொழிலிலே கற்களைப் பிணைக்கும் சாந்தினையொத்த ஒன்றாகவே அவர் அதனைக் கருதினார். சாந்துக்குச் சுயமான வாழ்வில்லை. அது பிணைக்கும் கற்களுக்காகவே அது இருக்கின்றது.

விர்ஷோ அரசியலறியாத ஆய்வுகூடவாசி அல்லர். 1848 இன் தொடக்கத்தில் மேல் சிலேசியாவிலே பரவிய தைபசுக் கொள்ளைநோயை ஆராயுமாறு பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. நோயின் வேரினை மக்களின் வறுமையிலும் கல்வியின்மையிலும் ஆட்சியின் அலட்சியத்திலும் கண்ட அவர், மருந்தாக விதந்துரைத்தது ஜனநாயகத்தையும் கல்வியையும் பொருளாதார நலத்தையுமே. அவ்வாண்டு மார்ச்சிலே பேர்லின் வீதிகளில் எழுந்த தடையரண்களில் அவரும் நின்றார். அதன் பின்விளைவாக அடுத்த ஆண்டு தமது பதவியை இழந்து வியூர்ஸ்பேர்க் நகருக்குச் செல்ல நேர்ந்தது. உடலைக் கலங்களின் அரசாகவும், ஒவ்வொரு கலத்தையும் அதன் குடிமகனாகவும் கண்டவர் அவர். தாராளவாத முதலாளித்துவத்தின் எழுச்சிக்கால நம்பிக்கைகள் அவ்வுருவகத்திலே படிந்திருக்கின்றன. எனினும் மூளை என்னும் குடியரசிலே ஒரு சாராருக்குப் பிரசாவுரிமை வழங்கிய அதே காலத்தில், மற்றொரு சாராருக்குச் சாந்தின் நிலையே வழங்கப்பட்டது. அக்காலத் தாராளவாதம் சொத்துடையோரின் வாக்குரிமைக்கும் கூலியுழைப்போரின் வாழ்வுக்குமிடையே கொண்டிருந்த முரண்பாட்டினை இது நினைவூட்டுகின்றது. நினைவூட்டுகின்றது என்பதற்கு மேலாக ஒன்றையும் இங்கு யாம் கூறவில்லை. ஒப்புமை வேறு, காரணத் தொடர்பு வேறு.

பழி முழுவதையும் விர்ஷோ மீது சுமத்துதலும் பொருந்தாது. அதே 1858 ஆம் ஆண்டு விரிவுரைகளிலே, மூளையிலும் முண்ணாணிலும் நோய் மாற்றங்கள் அடிக்கடி நிகழும் இடங்களுள் இவ்விடைப்பொருளும் ஒன்று என அவர் வற்புறுத்தினார். கொழுப்புச் சிதைவினை அதற்கு உதாரணமாகவும் காட்டினார். பெயரிட்டவரே அது வெறும் பசையன்று என்பதற்கான சான்றினையும் தந்தார். பின்வந்தோர் பெயரை எடுத்துக்கொண்டு அவதானத்தை விட்டுவிட்டனர்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியிலே மூளையாராய்ச்சியை முன்தள்ளியது சாயமாகும். 1873 இல் இத்தாலியரான கமில்லோ கொல்ஜி, வெள்ளி உப்பின் துணைகொண்டு நரம்புக்கலத்தை அதன் கிளைகளோடு முழுமையாகக் கருநிறமூட்டும் முறையைக் கண்டார். குருதிக்கலன்களிலே கிளியாக் கலங்களின் பாதங்கள் பதிந்திருப்பதைக் கண்ட அவர், அவை ஊட்டத்தைக் கடத்துகின்றன என்றும் கருதினார். ஜேர்மனியில் எழுச்சியுற்றிருந்த செயற்கைச் சாயக் கைத்தொழில் இழையவியலாருக்குப் புதிய கருவிகளை வழங்கிற்று. பிராங்போட் நகரைச் சேர்ந்த கார்ல் வைகேர்ட் அவற்றை நோயியலிலே பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். கிளியா நார்களைத் தெளிவாகக் காட்டும் தனிச்சாயத்தை அவர் 1895 இல் வெளியிட்டார். ஆனால் அவரது விளக்கமோ பழைய உருவகத்தினின்றும் விலகவில்லை. நரம்புக்கலங்கள் அழிய எஞ்சும் வெற்றிடத்தை நிரப்புவதே கிளியாவின் வேலை என அவர் கருதினார். மிகச் சிறந்த கருவியைக் கையில் வைத்திருந்தவரே மிகக் குறைந்த செயலை அக்கலத்துக்கு அளித்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே நகரின் மனநோய் மருத்துவமனையிலே 1901 இல், ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருவரை அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். எழுதுவினைஞர் ஒருவரின் மனைவியான அவர், மருத்துவ வரலாற்றிலே ஒகுஸ்ற் டி. என அறியப்படுகின்றார். நினைவும் மொழியும் அவரை விட்டு அகன்றுகொண்டிருந்தன. 1906 ஏப்பிரலில் அவர் இறந்ததும் அவரது மூளை, மியூனிக் நகருக்கு மாறிச் சென்றிருந்த அல்சைமரிடம் அனுப்பப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே தியூபிங்கனில் நடைபெற்ற மருத்துவர் கூட்டத்தில் அவர் தமது முடிவுகளை வாசித்தார். சபையிலே எவரும் கேள்வி எழுப்பவில்லை. 1907 இல் அது சுருக்கமாக அச்சேறியது.

அச்சுருக்கமான கட்டுரையிலே நரம்புக்கலங்களினுள் முறுகிய நார்க்கற்றைகளும் மூளைப் புறணியெங்கும் சிதறிய படிவுகளும் விவரிக்கப்பட்டன. இவை இரண்டும் அல்சைமர் நோயின் அடையாளங்களாக இன்றுவரை பாடநூல்களில் நிலைபெற்றுள்ளன. ஆனால் அங்கு வேறொன்றும் கூறப்பட்டிருந்தது. கிளியா ஏராளமான நார்களைத் தோற்றுவித்துள்ளது என்பதையும், கிளியாக் கலங்கள் பலவற்றிலே பெருமளவு கொழுப்புத் தேங்கியுள்ளது என்பதையும் அல்சைமர் பதிவுசெய்தார். இது தற்செயலான குறிப்பன்று. 1910 இல் நோயுற்ற கிளியா பற்றி விரிவானதோர் ஆய்வினையே அவர் வெளியிட்டார். அதே ஆண்டிலேயே எமில் கிரெப்பெலின் தமது உளமருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்தது. பெயருக்குரியவர் கண்டவற்றுள் ஒரு பகுதி நிலைக்கவில்லை.

4

மூன்றாவது களம் மாட்ரிட் நகரம். நரம்பு மண்டலம் தனித்தனி நரம்புக்கலங்களால் ஆனது என்னும் கொள்கையை நிலைநாட்டியவர் சந்தியாகோ ராமோன் இ கஹால். 1906 இல் அவரும் கொல்ஜியும் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். கஹால் கிளியாவைப் புறக்கணித்தவர் என்று கூறிவிட முடியாது. வைகேர்ட்டின் வெற்றிடம் நிரப்பும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. 1913 இல் உடுக்கலங்களுக்கெனப் பொன் உப்பினாலான தனிச்சாயத்தையும் உருவாக்கினார். நரம்புக்கலமும் உடுக்கலமும் அல்லாத எஞ்சிய கலங்களை மூன்றாம் கூறு எனப் பொதுப்படச் சுட்டினார்.

அம்மூன்றாம் கூற்றின் உள்ளடக்கத்தைப் பிரித்துக் காட்டியவர் அவரது சூழலிலே பணியாற்றிய பியோ டெல் ரியோ ஓர்த்தேகா (1882–1945). அவருக்கு இத்துறையிலே வழிகாட்டியவர் நிக்கொலாஸ் அச்சூக்காரோ. அச்சூக்காரோவோ மியூனிக்கிலே அல்சைமரிடம் பயின்றவர். எனவே பிராங்போட்டிலிருந்து மியூனிக் வழியாக மாட்ரிட் வரை ஒரே ஆய்வு மரபு தொடர்வதைக் காணலாம். வெள்ளிக் காபனேற்றுச் சாயத்தின் துணைகொண்டு ரியோ ஓர்த்தேகா 1919 இல் நுண்கிளியாவை வேறுபடுத்திப் பெயரிட்டார். 1921 இல் ஒலிகோடென்ட்ரோக்கிளியாவுக்குப் பெயரிட்டார். நுண்கிளியா பிற மூளைக்கலங்களின் மூலத்திலிருந்து தோன்றுவதன்று, கருவளர்ச்சிக் காலத்திலே வெளியிலிருந்து மூளையினுட் புகுவது என்றார். நோயுற்ற மூளையிலே அது தன் கிளைகளை உள்ளிழுத்து, உருவை மாற்றி, இடம்பெயர்ந்து, அழிந்த பொருள்களை விழுங்குகின்றது என்பதையும் விவரித்தார்.

இக்கண்டுபிடிப்புகளைக் கஹால் உடனடியாக முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆய்வுகூடப் பூசல்களும் சேர்ந்துகொள்ள, 1920 இல் ரியோ ஓர்த்தேகா அவ்வாய்வுகூடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். மாட்ரிட்டில் வேறிடத்தில் ஆய்வைத் தொடர்ந்த அவரிடம் 1924 இல் வைல்டர் பென்பீல்ட் வந்து பயின்றார். 1936 இல் பாசிசப் படைகள் ஸ்பானியக் குடியரசின் மீது போர்தொடுத்தன. பாரிஸ், ஒக்ஸ்போர்ட் என அலைந்த ரியோ ஓர்த்தேகா, 1940 இல் புவனஸ் அயர்ஸ் சென்றடைந்து, 1945 இல் அங்கேயே மறைந்தார். கிளியா ஆராய்ச்சியின் மிக வளமான பள்ளியொன்று இவ்வாறு சிதறடிக்கப்பட்டது. ஒரு கருத்து வளராது போனமைக்குக் கருத்துலகினுள்ளேயே காரணம் தேடுவோர் இதனை மறந்துவிடலாகாது.

5

இதன் பின்னர் வந்த ஏறத்தாழ நான்கு தசாப்தங்களை மௌனத்தின் காலம் எனலாம். கிளியா நோயியலாரின் மேசையிலே தொடர்ந்து காணப்பட்டது. நோயுற்ற இடங்களிலே அது பெருகியிருத்தலைக் கிளியோசிஸ் என அவர்கள் குறித்தனர். ஆனால் அது தழும்பாகவே, நிகழ்ந்து முடிந்த அழிவின் எச்சமாகவே கொள்ளப்பட்டது. காயத்துக்குத் தழும்பு காரணமாதல் இல்லையன்றோ?

இம்மௌனத்துக்குக் கருத்தியலை மாத்திரம் காரணமாகக் காட்டுவது கொச்சைச் சமூகவியலாகும். இருபதாம் நூற்றாண்டின் உடற்றொழிலியலிலே மேலாதிக்கம் பெற்ற கருவி மின்வாய். நரம்புக்கலம் மின்துடிப்புகளை எழுப்புகின்றது. மின்வாய் அதனைப் பதிவுசெய்கின்றது. கிளியாக் கலங்கள் அத்தகைய துடிப்புகளை எழுப்புவதில்லை. கருவியின் முன்னே அவை ஊமையாக நின்றன. கருவியின் செவிட்டுத்தன்மை கலத்தின் சோம்பலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. இவ்விடத்திலேதான் கருத்தியல் உள்நுழைகின்றது. முன்னர் தந்தியும், பின்னர் தொலைபேசி நிலையமும், இரண்டாம் உலகப் போரின் பின்னர் கணனியும் மூளைக்கு உருவகங்களாயின. செய்தியனுப்புதலே செயல், ஏனையவை பராமரிப்பு. மூளையுழைப்பை உயர்ந்ததாகவும் உடலுழைப்பைத் தாழ்ந்ததாகவும் பகுத்த சமூகத்திலே, சிந்திக்கும் உறுப்பினுள்ளேயே அப்பகுப்பு மறுபடியும் வரையப்பட்டமை வியப்பன்று. கருவி தந்த வரையறையை உருவகம் இயல்பானதாக்கிற்று. உருவகம் தந்த மதிப்பீட்டைக் கருவி உறுதிப்படுத்துவது போலத் தோன்றிற்று.

எண்ணிக்கையிலும் இவ்வலட்சியம் வெளிப்பட்டது. நரம்புக்கலம் ஒன்றுக்குப் பத்துக் கிளியாக் கலங்கள் உள்ளன எனப் பாடநூல்கள் பல தசாப்தங்களாகத் திரும்பத் திரும்பக் கூறின. 2009 இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் புதிய முறையொன்றாற் கணித்தபோது, மனித மூளையிலே ஏறத்தாழ 86 பில்லியன் நரம்புக்கலங்களும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையான பிற கலங்களும் இருத்தல் தெரியவந்தது. முக்கியமற்றவை எனக் கருதப்பட்டவற்றைச் சரிவர எண்ணிப் பார்க்கும் தேவை அதுவரை உணரப்படவில்லை.

எனினும் இம்மௌனம் முழுமையானதன்று. 1949 இல் டபிள்யூ. ஸ்டுவட் அலெக்சாந்தர் என்னும் நோயியலாளர், உடுக்கலங்களினுள்ளே அசாதாரணப் படிவுகள் நிறைந்திருந்த குழந்தையொன்றின் மூளையை விவரித்தார். 1966 இல் ஸ்டீபன் கப்லரும் அவரது சகாக்களும், நரம்புக்கலங்களின் செயற்பாட்டின்போது வெளியேறும் பொற்றாசியம் கிளியாக் கலங்களின் மின்னிலையை மாற்றுவதைக் காட்டினர். ஊமை எனப்பட்டது கேட்டுக்கொண்டாவது இருந்தது என்பது அதனாற் புலனாயிற்று.

6

மாற்றம் 1980களின் பிற்பகுதியிலே தொடங்கியது. கனடாவின் வான்கூவரிலே பற்றிக் மக்கீர், எடித் மக்கீர் ஆகியோரும் சகாக்களும் அல்சைமர், பாக்கின்சன் நோயாளரின் மூளைகளிலே நோயெதிர்ப்புக் குறிகளைத் தாங்கிய கிளர்வுற்ற நுண்கிளியாவைக் கண்டனர். 1989 இல், பல்மண்டலச் சிதைவு எனத்தக்க நோயொன்றிலே ஒலிகோடென்ட்ரோக்கிளியாவினுள்ளே புரதப் படிவுகள் உள்ளமை லண்டனில் அறியப்பட்டது. சிதைவு நோய் ஒன்றின் தலையாய அடையாளம் நரம்புக்கலத்திலன்றிக் கிளியாவிலே இருந்தது. 1990 இல் உடுக்கலங்களிடையே கல்சியம் அலைகள் பரவுதல் காணப்பட்டது. மின்வாய்க்குப் புலப்படாத மொழியை ஒளிரும் சாயம் புலப்படுத்திற்று. 2001 இல் அலெக்சாந்தரின் பெயரைத் தாங்கிய நோய்க்கு, உடுக்கலங்களுக்கே உரிய புரதமொன்றின் பரம்பரையலகில் ஏற்படும் பிறழ்வே காரணம் என நிறுவப்பட்டது. கிளியாவின் நோய் விளைவு மாத்திரமே என்னும் வாதத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு இல்லை.

2003 இல் இயக்க நரம்புக்கல நோய் பற்றி நடத்தப்பட்ட பரிசோதனை சிறப்பாக நோக்கற்பாலது. பிறழ்ந்த பரம்பரையலகுடைய கலங்களும் நலமான கலங்களும் கலந்த உடலினையுடைய எலிகள் உருவாக்கப்பட்டன. நலமான அயற்கலங்களாற் சூழப்பட்ட பிறழ்ந்த நரம்புக்கலங்கள் கூடிய காலம் வாழ்ந்தன. பிறழ்ந்த அயற்கலங்களிடையே அகப்பட்ட நலமான நரம்புக்கலங்களிலோ கேட்டின் அறிகுறிகள் தோன்றின. ஒரு கலத்தின் விதி அக்கலத்தினுள்ளே மாத்திரம் எழுதப்பட்டிருப்பதில்லை, அதன் உறவுகளிலேயும் தங்கியுள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று.

2005 இல் உயிருள்ள எலியின் மூளையை நேரடியாக நோக்கியபோது, ஓய்வுநிலை நுண்கிளியா என அதுவரை அழைக்கப்பட்டவை இடையறாது கிளைகளை நீட்டியும் மடக்கியும் சூழலைத் துழாவிக்கொண்டிருந்தன. ஓய்வு எனப் பெயரிடப்பட்டிருந்தது உண்மையிலே ஓயாத உழைப்பு. 2010 இல், நுண்கிளியா கருவின் மஞ்சட்கருப் பையிலே தோன்றி மூளையினுட் புகுகின்றது என்பது எலிகளிலே நிறுவப்பட்டது. அது வெளியிலிருந்து வருவதே என்ற ரியோ ஓர்த்தேகாவின் முடிபு இவ்வாறு வலுப்பெற்றது. 2012 இன் இறுதியில், மூளையிலே பெரும்பாலும் நுண்கிளியாவிலேயே செயற்படும் ட்ரெம்-2 என்னும் பரம்பரையலகின் அரியதொரு வேறுபாடு, அல்சைமர் நோய்க்கான ஆபத்தினை ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மடங்காக உயர்த்துகின்றது என இரு ஆய்வுக்குழுக்கள் வெளியிட்டன. 1907 இல் அல்சைமர் எழுதிய வரிகளுக்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் விளக்கவுரை கிடைத்தது எனலாம்.

7

இவ்வரலாற்றை இவ்விடத்திலே வெற்றிக்கதையாக முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையாகாது. பசை எனும் உருவகம் வீழ்ந்ததும் வேறு உருவகங்கள் எழுந்தன. கிளர்ச்சியுற்ற நுண்கிளியா முதலிலே குற்றவாளியாக்கப்பட்டது. அழற்சியை அடக்கினால் நோய் தடுக்கப்படும் என்னும் எதிர்பார்ப்பிலே அமெரிக்காவில் 2001 இல் தொடங்கப்பட்ட பெரும் பரிசோதனையொன்றில் முதியோருக்கு அழற்சி தணிக்கும் மருந்துகள் வழங்கப்பட்டன. இதயநோய் ஆபத்துப் பற்றிய அச்சத்தால் 2004 இல் மருந்து நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு எதுவும் நிறுவப்படவுமில்லை. 2017 இல் பென் பாரசின் ஆய்வுகூடம், கிளர்வுற்ற நுண்கிளியா உடுக்கலங்களை நரம்புக்கலங்களுக்கு நஞ்சாகும் நிலைக்கு மாற்றுவதைக் காட்டியபோது, நல்ல உடுக்கலம், கெட்ட உடுக்கலம் என்னும் இருமைப் பகுப்பு வேகமாகப் பரவிற்று. அப்பகுப்பு போதாது என்று 2021 இல் துறையறிஞர் பலர் கூட்டாக எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. பின்னர் நுண்கிளியா மீட்பராகக் காணப்பட்டது. ட்ரெம்-2 ஐத் தூண்டும் எதிருடலமொன்று அல்சைமர் நோயின் போக்கைத் தளர்த்தவில்லை என 2024 இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது.

சேவகன், குற்றவாளி, மீட்பர் ஆகிய இம்மூன்று உருவகங்களுக்கும் பொதுவானதோர் அம்சமுண்டு. மூன்றுமே கலத்துக்கு நிலையானதொரு குணத்தை ஏற்றுகின்றன. ஆய்வுகள் காட்டுவதோ வேறு. நோயின் ஒரு கட்டத்திலே படிவுகளைச் சூழ்ந்து அவற்றைக் கட்டுப்படுத்தும் அதே நுண்கிளியா, மற்றொரு கட்டத்திலே அழிவினை நீடிக்கச் செய்கின்றது. காப்பதும் கெடுப்பதும் இரு வேறு கலங்களின் குணங்களல்ல. மாறும் சூழலிலே ஒரே செயலின் இரு பக்கங்கள். இதனை இயங்கியல் என்று அழைப்பதா வேண்டாமா என்பது பெயர் பற்றிய விவாதமே. நிலையான குணங்களைத் தேடும் நோக்கு இங்கு பலமுறை தோற்றிருக்கின்றது என்பதே முக்கியம்.

எமது பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நரம்புக்கலம் ஆளும் வர்க்கம், கிளியா உழைக்கும் வர்க்கம் என முற்போக்கான புதிய உருவகமொன்றைச் சமைக்கும் ஆசை எளிதிலே எழும். அது விர்ஷோவின் தவறினை மறுதிசையிலே செய்வதாகும். சமூகத்திலிருந்து இயற்கைக்கு எடுத்துச் செல்லப்படும் உருவகம் வினாக்களை எழுப்ப உதவலாம். விடைகளை நிறுவ உதவாது. நாம் நியூரோக்கிளியாவை நரம்புப் பசை என்று தமிழாக்கும்போதும் இதனை மறத்தலாகாது. சொல்லை மாத்திரமன்றி 1856 ஆம் ஆண்டின் தீர்ப்பினையும் சேர்த்தே மொழிபெயர்க்கின்றோம். கிளியாக் கலம் என அம்மூலச்சொல்லையே இக்கட்டுரை கையாண்டமைக்கு இதுவே காரணம்.

எனினும், கலங்களைப் பற்றிக் கூற முடியாததை மனிதரைப் பற்றித் தயங்காது கூறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 இல் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோய்களுக்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பராமரிப்பதிலே செலவிடப்படும் மணித்தியாலங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்களுடையது. அதிற் பெரும்பகுதிக்கு ஊதியமில்லை. தேசிய வருமானக் கணக்குகளிலே இடமுமில்லை. இங்கு உருவகம் எதுவும் தேவையில்லை. தாங்கி நிற்போரைப் பசையென்று கருதும் பழக்கம் நுணுக்குக்காட்டியின் கீழே பிறந்ததன்று; அதற்கு வெளியே இருந்து அங்கு கொண்டுசெல்லப்பட்டது. ஆய்வுகூடம் அதனைக் களைய நூற்றைம்பது ஆண்டுகள் எடுத்தது. சமூகத்திலே அதனைக் களைதல் சாயங்களாலும் மின்வாய்களாலும் ஆகக்கூடியதன்று.